தண்ணீர் குடிப்பது பற்றி சேலத்தில் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

வெயில் ஏற ஏற ஒரே சந்தேகங்கள்தான் மாறி மாறி வருகின்றன. கேட்பவர் தறிக்காரராக இருப்பார், பள்ளிப் பிள்ளையின் அம்மாவாக இருப்பார், ஏற்காட்டில் தோட்ட வேலைக்குப் போகிறவராக இருப்பார். கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்திருக்கிறோம். இதய நோய், சிறுநீரக நோய் உள்ளவர்கள் கடைசி இரண்டு கேள்விகளை முதலில் படித்துவிடுங்கள். மற்ற பதில்களில் உள்ள அளவுகள் அவர்களுக்குப் பொருந்தாது.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டருங்க குடிக்கணும்?

நோய் எதுவும் இல்லாத, நிழலில் வேலை செய்கிற பெரியவர் சாதாரண நாளில் 2 லிட்டரை ஒட்டிக் குடித்தால் போதும். உடல் பெரிதாக உள்ள ஆண்களுக்கு இரண்டரை வரை போகலாம். எடையை வைத்துக் கணக்குப் போட வேண்டுமானால் கிலோவுக்கு 30 முதல் 35 மி.லி. என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு 1.8 முதல் 2.1 லிட்டர் வரும்.

இது தொடக்கக் கணக்குதான். வியர்வையில் போவதைத் தனியாகச் சேர்க்க வேண்டும். கத்திரி வெயிலில் வெப்பம் 40 டிகிரியை ஒட்டி நிற்கும் நாளில், பைக்கில் சுற்றும் வேலை உள்ளவருக்கு 3 லிட்டர் சாதாரணமாகத் தேவைப்படும்.

எட்டு டம்ளர் குடிக்கணும்னு சொல்றாங்களே, அது சரியா?

எந்த டம்ளர் என்பதுதான் சிக்கல். டீக்கடைக் கண்ணாடி டம்ளர் 100 மி.லி.கூடப் பிடிக்காது. வீட்டு எவர்சில்வர் டம்ளர் 150 முதல் 200 வரை இருக்கும். விருந்தாளிக்குக் கொடுக்கும் பெரிய டம்ளர் 300-ஐத் தொடும். எட்டு டம்ளர் என்பது ஒரு வீட்டில் 800 மி.லி., இன்னொரு வீட்டில் 2.4 லிட்டர். அளவுக் கோடு உள்ள 1 லிட்டர் பாட்டிலை நிரப்பி, உங்கள் டம்ளரில் ஊற்றி எத்தனை முறை நிரம்புகிறது என்று ஒரு தடவை எண்ணிவிடுங்கள். அந்த எண் ஆயுசுக்கும் உதவும்.

எட்டு டம்ளர் கணக்கின் வேரை 1945-ல் அமெரிக்க உணவு ஊட்டச்சத்து வாரியம் சொன்ன அளவில் பலர் காண்கிறார்கள். பெரியவருக்கு நாளுக்கு இரண்டரை லிட்டர் என்று சொன்ன அந்த வாரியம், அதில் பெரும்பகுதி சாப்பாட்டிலேயே இருக்கிறது என்றும் கூடவே சொல்லியிருந்தது. முதல் வரி மட்டும் ஊரைச் சுற்றியது. நம் சாப்பாட்டுக்கு அந்த இரண்டாவது வரி இன்னும் பொருந்தும். வடித்த சோற்றின் எடையில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர்தான். அதன்மேல் ரசமும் மோரும் ஊற்றுகிறோம். மூன்று வேளையும் சப்பாத்தி, பரோட்டா, வறுவல் என்று சாப்பிடுகிறவருக்கு இந்த வரவு குறையும்.

அளந்து குடிக்கல்லாம் நேரமில்லை. போதுமா போதாதான்னு எப்படித்தான் தெரிஞ்சுக்கிறது?

சிறுநீரைப் பாருங்கள். டம்ளர் எண்ணுவதைவிட இது நம்பகமானது. இளம் வைக்கோல் நிறம் என்றால் சரி. நல்லெண்ணெய் நிறத்துக்கு வந்தால் உடனே ஒரு பெரிய டம்ளர் குடிக்க வேண்டும். டீ டிகாஷன் நிறம் என்றால் தண்ணீர்க் குறைவோடு மஞ்சள் காமாலையோ ரத்தமோ இருக்கலாம். இரண்டு டம்ளர் குடித்தும் மாறாவிட்டால் மருத்துவரிடம் போங்கள். நாள் முழுக்கப் பச்சைத் தண்ணீர் போலவே போனால் தேவைக்கு மேல் குடிக்கிறீர்கள் என்று பொருள். எண்ணிக்கையும் பாருங்கள். பகலில் நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது போக வேண்டும்.

நிறம் பார்ப்பதில் சில ஏமாற்றங்கள் உண்டு. காலையில் எழுந்ததும் போவது எல்லோருக்கும் அடர்த்தியாகத்தான் இருக்கும், அதைக் கணக்கில் எடுக்காதீர்கள். பத்து பதினோரு மணிக்குப் போவதே சரியான சாட்சி. கழிப்பறைக் கோப்பையில் தேங்கிய தண்ணீரோடு கலந்தபின் எல்லாமே வெளிறித் தெரியும், விழும்போதே பார்க்க வேண்டும். பி காம்ப்ளெக்ஸ் மாத்திரை போட்டால் பளீர் மஞ்சள், பீட்ரூட் சாப்பிட்டால் இளஞ்சிவப்பு, காசநோய் மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் போட்டால் ஆரஞ்சு. இவற்றுக்கும் தண்ணீருக்கும் தொடர்பில்லை.

தாகம் எடுக்கும்போது குடிச்சாப் போதாதா?

ஆரோக்கியமான இளவயதுக்காரருக்கு, சாதாரண வேலையில், போதும். உடம்பு அதற்காகவே தாகத்தை வைத்திருக்கிறது. மூன்று பேருக்கு மட்டும் தாகத்தை நம்ப முடியாது. முதலில் வயதானவர்கள், அவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். அடுத்து விளையாட்டு மும்முரத்தில் இருக்கும் பிள்ளைகள். மூன்றாவது, அனலில் வியர்க்க வியர்க்க வேலை செய்கிறவர்கள், அவர்களுக்குத் தாகம் தெரியும்போது ஒரு லிட்டர்வரைகூட ஏற்கெனவே போயிருக்கும்.

போதுமான தண்ணி குடிச்சா நிஜமாவே என்னென்ன நல்லது?

நன்றாக நிரூபணமானது சிறுநீரகக் கல். ஒருமுறை கல் வந்தவர்களை ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்து இத்தாலியில் செய்த ஆய்வு 1996-ல் வெளியானது. நிறையத் தண்ணீர் குடித்தவர்களில் 12 சதவீதத்தினருக்கும், வழக்கம்போல் இருந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும் கல் திரும்ப வந்தது. அடுத்தது பெண்களுக்கு அடிக்கடி வரும் நீர்க்கடுப்பு. நாளுக்கு ஒன்றரை லிட்டருக்கும் குறைவாகக் குடித்துவந்த பெண்கள் கூடுதலாக ஒன்றரை லிட்டர் குடித்தபோது, ஓராண்டில் தொற்று வந்த எண்ணிக்கை ஏறக்குறைய பாதியானது. இது 2018-ல் வெளியான ஆய்வு.

மலச்சிக்கலுக்கும் தண்ணீர் உதவும், ஆனால் கீரையும் காயும் கூட இருந்தால்தான். நார்ச்சத்து இல்லாத சாப்பாட்டுக்கு வெறும் தண்ணீரை ஊற்றினால் அது சிறுநீராகப் போய்விடும். தண்ணீர் போதாததால் வரும் தலைவலி, கிறுகிறுப்பு, மதியச் சோர்வு ஆகியவை அரை மணி முதல் ஒரு மணி நேரத்தில் குறையும். உடல் எடையில் 2 சதவீதம் வியர்வையாகப் போனாலே (60 கிலோவுக்கு 1.2 கிலோ) கவனமும் உழைக்கும் திறனும் இறங்குவதைப் பார்க்கலாம்.

முகம் பளபளக்கும், நச்சு வெளியேறும் என்பதற்கெல்லாம் அந்த அளவு சான்று இல்லை. கழிவை வெளியேற்றும் வேலையை ஈரலும் சிறுநீரகமும் சம்பளமில்லாமல் செய்துகொண்டுதான் இருக்கின்றன. எடை குறைப்பில் சிறிய பலன் உண்டு. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் அரை லிட்டர் குடித்தால் கொஞ்சம் குறைவாகச் சாப்பிடுகிறோம், அவ்வளவுதான்.

வெறும் வயித்துல ரெண்டு சொம்பு குடிக்கணுமா? நின்னுக்கிட்டு குடிச்சா மூட்டு போயிடுமா? சாப்பிடும்போது குடிக்கக் கூடாதா?

காலையில் ஒரு டம்ளர் குடிப்பது நல்ல பழக்கம். இரண்டு சொம்பு, அதாவது ஒரு லிட்டருக்கு மேல், ஒரே மூச்சில் குடித்தால் முக்கால்வாசி அடுத்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் வெளியே போய்விடும். அதையே பகல் முழுக்கப் பிரித்துக் குடித்தால் உடம்பில் நிற்கும். நின்றுகொண்டு குடித்தால் மூட்டு தேயாது. சாப்பிடும்போது குடித்தால் செரிமானம் கெடாது. நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் மட்டும் சாப்பாட்டோடு வயிறு முட்டக் குடிக்காமல் இருந்தால் சௌகரியம்.

டீ, காபியெல்லாம் தண்ணிக் கணக்குல வருமா?

வரும். காபி சிறுநீரைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான், ஆனால் தினமும் குடிக்கிறவருக்கு அந்த விளைவு மங்கிவிடும். நாளுக்கு மூன்று நான்கு கப் குடிப்பவருக்கு அதிலுள்ள தண்ணீர் வரவில்தான் சேரும். ஏற்காட்டுக் காபிக்கும் இதே விதிதான்! கப்புக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு ஐந்து கப் குடிப்பது வேறு பிரச்சினை. மது கணக்கில் வராது, அது சிறுநீரைக் கூட்டி உடம்பின் தண்ணீரை வெளியே தள்ளும்.

இளநீர், நீர்மோர், சர்பத்: வெயிலுக்கு எது நல்லது?

வியர்வையில் உப்பு போகிறது. அதைத் திருப்பித் தருவதில் நீர்மோருக்கு ஈடில்லை. 200 மி.லி. தயிர், 800 மி.லி. தண்ணீர், அரை டீஸ்பூன் உப்பு, கொஞ்சம் கறிவேப்பிலையும் இஞ்சியும் இருந்தால் ஒரு லிட்டர் தயார். பழைய சோற்று நீராகாரமும், ஆடியில் கோயிலில் ஊற்றும் கூழும் இதே வேலையைச் செய்பவைதான். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தாகத்துக்கு நல்லது, ஆனால் நாள் முழுக்க வியர்த்தவருக்கு அது மட்டும் போதாது. சிறுநீரகம் பழுதானவர்கள் அந்தப் பொட்டாசியத்தாலேயே இளநீரைத் தவிர்க்க வேண்டும். சர்பத், பாட்டில் குளிர்பானம் எல்லாம் சர்க்கரைத் தண்ணீர், எப்போதாவது சரி.

கொலுசுப் பட்டறையில அடுப்பு முன்னாடி வேலை. எவ்வளவு குடிச்சாலும் பத்தலை. என்ன பண்றது?

தீ அசையக் கூடாது என்று மின்விசிறி போடாமல் பற்றவைக்கும் இடமும், காற்றோட்டமில்லாத தறிக்கூடமும், ஜவ்வரிசி ஆலையின் உலர்த்தும் களமும் ஒரே வகை. மணிக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர்வரை வியர்வை போகலாம். இடைவேளைக்குக் காத்திருந்து ஒரு சொம்பு ஊற்றிக்கொள்வதுதான் இங்கே நடக்கும் தவறு. வயிறு கனத்து, வேலை செய்ய முடியாமல், அடுத்த முறை குறைத்துக்கொள்வார்கள். 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு பெரிய டம்ளர், சுமார் 200 முதல் 250 மி.லி., என்று பிரித்துக் குடியுங்கள். எவ்வளவு வியர்த்தாலும் மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். ஏன் என்று கீழே தண்ணீர் அதிகமாவது பற்றிய கேள்வியில் இருக்கிறது.

உங்கள் வியர்வை எவ்வளவு என்று தெரிய ஒரு எளிய சோதனை. சிறுநீர் போய்விட்டு வேலைக்கு முன் எடை பாருங்கள். இரண்டு மணி நேரம் கழித்து வியர்வையைத் துடைத்து, அதே அளவு உடையில் மறுபடி பாருங்கள். குறைந்த ஒவ்வொரு அரை கிலோவும் அரை லிட்டர். இடையில் குடித்ததையும் அதோடு கூட்டுங்கள், சிறுநீர் போயிருந்தால் அதைக் கழியுங்கள். 62.0 கிலோ 61.4 ஆகி, நடுவில் 400 மி.லி. குடித்திருந்தால் வியர்வை ஒரு லிட்டர், மணிக்கு அரை லிட்டர். இரண்டு மணி நேரத்துக்கு மேல் இப்படி வியர்த்தால் தண்ணீரோடு மேலே சொன்ன நீர்மோரும் வேண்டும். சட்டையில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தால், உப்பு போதவில்லை என்று அர்த்தம்.

ஓ.ஆர்.எஸ். பவுடரை தினமும் குடிக்கலாமா? எப்படிக் கலக்கறது?

அது வயிற்றுப்போக்குக்கான மருந்து. தினசரிப் பானமாக்க வேண்டாம், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கண்டிப்பாக வேண்டாம். பெரிய பாக்கெட் 1 லிட்டருக்கு, சிறியது 200 மி.லி.க்கு. உறையில் எழுதியதைப் பார்த்து முழு பாக்கெட்டையும் முழு அளவில் கலக்குங்கள். பெரிய பாக்கெட்டை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்குவதுதான் அதிகம் நடக்கும் பிழை. அந்த உப்புக் கரைசல் குடலுக்குள் தண்ணீரை இழுத்து, போக்கைக் கூட்டும். கலந்தபின் கொதிக்கவைக்கக் கூடாது, 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது.

பாக்கெட் கிடைக்காத இரவில்: கொதித்து ஆறிய 1 லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய டீஸ்பூனால் 6 ஸ்பூன் சர்க்கரை, அதே ஸ்பூனால் அரை ஸ்பூன் உப்பு. ருசி கண்ணீரைவிட உப்பாக இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். இரண்டு வயதுக்குக் கீழ் ஒவ்வொரு போக்குக்குப் பிறகும் 50 முதல் 100 மி.லி., இரண்டிலிருந்து பத்து வயதுக்கு 100 முதல் 200. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் விட்டு, ஸ்பூன் ஸ்பூனாகத் தொடருங்கள். அட்டைப் பெட்டியில் ஆப்பிள், ஆரஞ்சு வாசனையோடு வரும் இனிப்புப் பானங்களை இதற்குப் பதிலாகக் கொடுக்க வேண்டாம். சர்க்கரை அதிகமாக இருந்தால் போக்கு கூடும்.

வெயில்ல மயங்கி விழுந்தவருக்கு தண்ணி கொடுக்கலாமா?

பெயர் கேட்டால் தெளிவாகச் சொல்கிறார், விழுங்க முடிகிறது என்றால் உட்காரவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். உளறினாலோ நினைவு தப்பியிருந்தாலோ வாயில் ஒரு சொட்டும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். 108-ஐக் கூப்பிட்டுவிட்டு, நிழலுக்குத் தூக்கி, சட்டையைத் தளர்த்தி, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். இங்கே தண்ணீரின் இடம் தோலுக்கு மேல்.

கடையில நாள் முழுக்க நிக்கிற வேலை. பாத்ரூம் தூரம், சுத்தமும் இல்ல. அதனால குடிக்கிறதே இல்லைங்க.

கடைவீதியில் வேலை செய்யும் பெண்கள், நீண்ட தூரம் பஸ்ஸில் போகும் பெண்கள், உயர்நிலைப் பள்ளி மாணவிகள் என்று பலரும் சொல்லும் காரணம் இது. ‘நிறையக் குடிங்க’ என்ற அறிவுரை இவர்களிடம் செல்லாது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டத்திருத்தம் வந்தது. பூட்டுப் போடாத, தண்ணீர் வரும் கழிப்பறையும் அதே அளவு அவசியம். முதலாளிகள் படிப்பார்கள் என்று எழுதிவைக்கிறோம்.

அதுவரை செய்யக்கூடியது: வேலைக்குக் கிளம்ப ஒன்றரை மணி முன்பாக அரை லிட்டர் குடித்து, கிளம்பும்போது போய்விட்டுப் போங்கள். கடையில் அரை மணிக்கு இரண்டு மிடறு என்று குடித்தால் சிறுநீர்ப்பை மெதுவாகவே நிறையும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை போவதைக் கட்டாயமாக்குங்கள், அதற்கு முன்னால் 300 மி.லி. குடியுங்கள். வீடு திரும்பியதும் மீதி. காலை எட்டிலிருந்து இரவு எட்டுவரை அடக்கிவைப்பதும், குடிக்காமலே இருப்பதும் நீர்க்கடுப்பில்தான் முடிகின்றன. எரிச்சலோடு காய்ச்சலும் முதுகு வலியும் சேர்ந்தால் அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கைக்குழந்தைக்கு வெயில்ல நாக்கு வறண்டு போகாதா? ரெண்டு ஸ்பூன் தண்ணி கொடுத்தா என்ன?

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான், சேலத்து மே மாதத்திலும். தாய்ப்பாலில் 87 சதவீதத்துக்கு மேல் தண்ணீரே. தண்ணீர் கொடுத்தால் சின்ன வயிறு நிறைந்து பால் குடிப்பது குறையும், கிருமியும் போகும். நாளுக்கு ஆறு முறையாவது சிறுநீர் போனால் குழந்தைக்குத் தண்ணீர் போதுமானதாக இருக்கிறது. ஆறு மாதத்துக்குப் பிறகு உணவோடு சிறிது சிறிதாகத் தொடங்கலாம்.

பிள்ளை பெத்தவளுக்கு தண்ணி நிறையக் கொடுத்தா வயிறு தொங்கிடும், குழந்தைக்கு சளி பிடிக்கும்னு மாமியார் சொல்றாங்க.

இரண்டும் நடக்காது. வயிறு தளர்வது கர்ப்பத்தில் விரிந்த தசையால், குழந்தைக்குச் சளி வைரஸால். பாலூட்டும் தாய்க்கு வழக்கத்தைவிட நாளுக்கு சுமார் 700 மி.லி. கூடுதலாகத் தேவை. கர்ப்பிணிக்குக் கூடுதல் தேவை 300 மி.லி. ஆகும். தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கலும் நீர்க்கடுப்பும் வரும், தையல் போட்ட உடம்புக்கு இரண்டுமே வேதனை. மாமியாரோடு வாதாட வேண்டாம். வெந்நீராக, சீரகத் தண்ணீராக, பூண்டு ரசமாகக் கொடுங்கள் என்றால் யாரும் மறுப்பதில்லை. ஒவ்வொரு முறை பாலூட்ட உட்காரும்போதும் பக்கத்தில் ஒரு டம்ளர் இருந்தால் கணக்கு தானாகச் சரியாகும்.

எங்க போர் தண்ணி ஒரே உப்பு, பாத்திரமெல்லாம் வெள்ளையாப் படியுது. இதைக் குடிச்சா கல் வருமில்ல?

பாத்திரத்தில் படிவது கால்சியம், மக்னீசியம். சுண்ணாம்புப் படிவைப் பார்த்ததும் சிறுநீரகத்திலும் இப்படித்தான் படியும் என்று தோன்றுவது இயல்பு. ஆனால் அதிகம் வரும் கல் கால்சியம் ஆக்சலேட். உணவில் கால்சியம் சரியாக இருந்தால் அது ஆக்சலேட்டைக் குடலிலேயே பிடித்து வெளியே தள்ளிவிடும். கடின நீர்தான் கல்லுக்குக் காரணம் என்று உறுதியாகச் சொல்ல ஆதாரம் போதாது. உப்புத் தண்ணீரால் வரும் உண்மையான கெடுதல் வேறு: ருசி பிடிக்காமல் ஆட்கள் குறைவாகக் குடிக்கிறார்கள். அதனால்தான் கல் வருகிறது.

இந்திய தர நிர்ணயத்தின்படி கரைந்த உப்புகளின் மொத்த அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை நல்லது, வேறு வழியில்லாத இடத்தில் 2000 வரை. மேட்டூரிலிருந்து வரும் காவிரித் தண்ணீர் வீட்டுக்கு வருகிறது என்றால் குடிக்க அதையே பிடித்துவைத்து, போர் தண்ணீரைத் துவைக்கவும் குளிக்கவும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே கல் வந்து போயிருக்கு. இனி எவ்வளவு குடிக்கணும்?

குடிப்பதை அளப்பதற்குப் பதில் வெளியே போவதை அளக்க வேண்டிய ஒரே ஆரோக்கியமானவர் நீங்கள். நாளுக்கு இரண்டரை லிட்டர் சிறுநீர் போக வேண்டும். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை முதல் சிறுநீரை விட்டுவிட்டு, மறுநாள் காலை முதல் சிறுநீர்வரை எல்லாவற்றையும் அளவுள்ள கேனில் பிடித்துப் பாருங்கள். வெயில் காலத்தில் இதற்கு மூன்றரை, நான்கு லிட்டர்கூடக் குடிக்க வேண்டிவரும். படுக்கும் முன் ஒரு டம்ளரும், இரவில் எழுந்தால் ஒரு டம்ளரும் கணக்கில் இருக்கட்டும், சிறுநீர் அதிகம் அடர்வது இரவில்தான். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் நல்லது, அதிலுள்ள சிட்ரேட் கல் உருவாவதைத் தடுக்கும். உப்பைக் குறையுங்கள். பாலையும் தயிரையும் நிறுத்தாதீர்கள், காரணம் முந்தைய பதிலில் உள்ளது. வாழைத்தண்டுச் சாறு குடிக்கலாம், அதோடு குடிக்கும் தண்ணீருக்கே பாதிப் பெருமை போக வேண்டும்.

தண்ணி சுத்தம் பண்ற மிஷின் விக்க வந்தவர் எங்க குழாய்த் தண்ணில கம்பி விட்டதும் செங்காவியா மாறிடுச்சு. அவ்வளவு அழுக்கா?

அழுக்கு அவருடைய கம்பியில் இருக்கிறது. அந்தக் கருவியில் ஒரு இரும்புக் கம்பியும் ஒரு அலுமினியக் கம்பியும் உண்டு. உப்பு கரைந்த தண்ணீரில் மின்சாரம் பாயும்போது இரும்பு கரைந்து துருவாகிறது, தண்ணீர் செம்மண் நிறமாகிறது. ஆர்.ஓ. எனப்படும், உப்பை நீக்கும் வடிகட்டியில் வந்த தண்ணீரில் உப்பு ஏறக்குறைய இல்லாததால் மின்சாரம் சரியாகப் பாயாது, தெளிவாகவே நிற்கும். அடுத்த முறை வந்தால் அவருடைய சுத்தமான தண்ணீரில் ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு, மறுபடி கம்பியை விடச் சொல்லுங்கள். அதுவும் சிவக்கும்.

ஆர்.ஓ. வேண்டிய வீடுகள் உண்டு. குடிக்க முடியாத உப்பு அல்லது ஃபுளோரைடு உள்ள போர் தண்ணீரை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு அது தேவை. சேலம் மாவட்டத்தின் சில பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதல். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை விழும், நீண்ட காலத்தில் எலும்பையும் பாதிக்கும். இதற்கு நிறம், மணம், ருசி எதுவும் கிடையாது, சோதனைக்கூடத்தில் கொடுத்தால்தான் தெரியும். கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது. தண்ணீர் ஆவியாகி அளவு கொஞ்சம் கூடத்தான் செய்யும்.

நாலு நாளைக்கு ஒருக்கா தண்ணி வருது. பிடிச்சு வெச்சதைக் குடிக்கலாமா? செம்புப் பானை நல்லதா?

மூடி இறுக்கமாக, குழாய் வைத்த பாத்திரத்தில் இருந்தால் குடிக்கலாம். டம்ளரை உள்ளே விட்டு மொள்வதுதான் கெடுக்கிறது, விரல் நுனி நனைந்தால் போதும். குளோரின் வாடை வந்தால் பயப்பட வேண்டாம், அது பாதுகாப்பின் அடையாளம். அரை மணி திறந்துவைத்தால் குறையும். வாடையே இல்லாமல் நாள் கடந்த தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடியுங்கள். மூடாத டிரம்மில் டெங்குக் கொசு வளரும், வாரம் ஒருமுறை காலி செய்து உட்சுவரைத் தேய்க்க வேண்டும். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.

செம்பில் ஓர் இரவு வைத்த தண்ணீரில் கிருமிகள் குறையும் என்பது உண்மை. ஆனால் செம்பில் எலுமிச்சை, மோர், புளி போன்ற புளிப்பு எதையும் ஊற்றக் கூடாது. அதிகச் செம்பு கரைந்து குமட்டும். பச்சைக் களிம்பு தெரிந்தால் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிய பிறகே பயன்படுத்துங்கள்.

ஏற்காட்டுல குளிர்ல தாகமே எடுக்க மாட்டேங்குது. ஊத்துத் தண்ணியை அப்படியே குடிக்கலாமா?

குளிரில் தாகம் குறையும், சிறுநீர் மட்டும் கூடும். தோல் ரத்தக்குழாய்கள் சுருங்குவதால் சிறுநீரகம் அதிக நீரை வெளியேற்றுகிறது. காப்பிக்கொட்டை பறிக்கும் பருவத்தில் பனியில் நாள் முழுக்க ஏறி இறங்குபவர்கள் சாயங்காலம் தலைவலியோடு வருவதற்கு இதுவும் ஒரு காரணம். ஃபிளாஸ்கில் வெதுவெதுப்பான தண்ணீர் இருந்தால் கை தானாகப் போகும். நிறம் பார்க்கும் முறை மலைக்கும் அதேதான். இருபது கொண்டை ஊசி வளைவுக்குப் பயந்து முதல் நாளிலிருந்தே குடிக்காமல் வருபவர்கள் உண்டு. பஸ் ஏறுவதற்கு முன்பு வயிறு முட்டக் குடிக்காமல் இருந்தாலே போதும்.

ஊற்று, ஓடைத் தண்ணீர் எவ்வளவு பளிங்காக இருந்தாலும் மேலே மாடும் மனிதரும் புழங்கியிருப்பார்கள், கொதிக்கவையுங்கள். ஏற்காடு சுமார் 1500 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 95 டிகிரியை ஒட்டியே கொதித்துவிடும். அரிசி வேகக் கூடுதல் நேரம் பிடிப்பது அதனால்தான். கிருமி சாக அந்தச் சூடு தாராளம். நன்றாகக் குமிழிவிட்டுத் தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்தால் போதும். 2000 மீட்டருக்கு மேலே போனால்தான் மூன்று நிமிடம்.

வீட்டுப் பெரியவர் ராத்திரி எழுந்திருக்கணும்னு பயந்து குடிக்கவே மாட்டேங்கிறார்.

மூட்டு வலியோடு இருட்டில் நடப்பவருக்கு அந்தப் பயம் நியாயமானது. நேரத்தை மாற்றுங்கள். எழுந்ததும் 250, காலை மாத்திரையோடு 200, பத்து மணிக்கு மோர் 200, சாப்பாட்டோடு 250, மூன்று மணிக்கு 250, ஐந்து மணி காபியோடு 200. மாலை ஆறுக்குள் 1350 மி.லி. வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டோடு கொஞ்சம் போதும். வெயில் நாளில் பெரியவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால் வயசுக்கோளாறு என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீர்க் குறைவும் சோடியம் குறைவும் அப்படித்தான் தொடங்கும்.

தண்ணி அதிகமாக் குடிச்சா ஆபத்தா? தண்ணிதானே!

ஆரோக்கியமான சிறுநீரகமும் மணிக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் வெளியேற்ற முடியும். போட்டிக்காகவோ, கல் கரைய வேண்டும் என்றோ, ஸ்கேனுக்கு அவசரப்பட்டோ மூன்று நான்கு லிட்டரை ஒரு மணி நேரத்தில் இறக்கினால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். லிட்டருக்கு 135 மில்லிமோலுக்குக் கீழே இறங்கினால் தலைவலி, குமட்டல், குழப்பம். மிகவும் இறங்கினால் வலிப்பு. பட்டறைக்காரருக்கு மணிக்கு ஒன்றரை லிட்டர் எல்லை சொன்னது இதற்காகத்தான், அவருக்கு வியர்வையில் போவதால் அந்தச் சலுகை. ரத்த அழுத்தத்துக்கு தயசைடு வகை நீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு இதைவிடக் குறைந்த அளவிலேயே சோடியம் இறங்கலாம்.

இதற்கு நேர்மாறான ஒன்றும் உண்டு. எவ்வளவு குடித்தாலும் தாகம் அடங்கவில்லை, இரவில் மூன்று நான்கு முறை எழுகிறீர்கள், எடையும் குறைகிறது என்றால் ரத்தச் சர்க்கரையைச் சோதியுங்கள்.

இதய வீக்கம், கால் வீக்கம் இருக்கறவங்க எவ்வளவு குடிக்கலாம்?

மருத்துவர் எழுதிய அளவு மட்டும். இதயம் தள்ள முடியாத தண்ணீர் காலிலும் நுரையீரலிலும் தேங்கும். தினமும் காலையில் சிறுநீர் போனபின், சாப்பிடும் முன், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்து எழுதிவையுங்கள். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது சதை அல்ல, தண்ணீர். மூச்சு வாங்குவதற்குக் காத்திராமல் அன்றே கூப்பிடுங்கள்.

டயாலிசிஸ் பண்றவர் தாகத்துல துடிக்கிறார். கொஞ்சம் கூடக் கொடுத்தா என்ன?

வழக்கமான கணக்கு: முந்தைய நாள் போன சிறுநீரின் அளவோடு 500 மி.லி. கூட்டினால் இன்றைய மொத்தம். சிறுநீர் 200 என்றால் 700. டீ, ரசம், மோர், கஞ்சி, மாத்திரைக்குக் குடிப்பது எல்லாம் அதற்குள். உங்கள் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதுவே சரி. கூடுதலாகக் குடித்தது அடுத்த டயாலிசிஸ்வரை உடம்பிலேயே நிற்கும், ஒரே அமர்வில் அதிகம் இழுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து தசை பிடிக்கும்.

தாகத்தைக் கூட்டுவது உப்பு. ஊறுகாய், அப்பளம், கருவாடு, தட்டுவடை செட் ஆகியவற்றை நிறுத்தினாலே இரண்டு நாளில் வித்தியாசம் தெரியும். காலையில் அன்றைய பங்கை ஒரு பாட்டிலில் ஊற்றிவையுங்கள். டீ குடித்தால் அதே அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து கொட்டிவிடுங்கள். பெரிய டம்ளருக்குப் பதில் 50 மி.லி. பிடிக்கும் சின்ன டம்ளர். நாக்கு வறண்டால் வாய் கொப்பளித்துத் துப்பலாம், ஒரு ஐஸ் துண்டைச் சப்பலாம். அந்தத் துண்டு உருகினால் எவ்வளவு வருகிறது என்று ஒருமுறை அளந்து, அதையும் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.